பத்துத் தொட்டியும் ஒரு நோட்டும்: மொட்டை மாடியில் இயற்கையைக் கவனிக்கப் பழகுவதற்கான ஓராண்டு வழிகாட்டி

மாடித்தோட்டம் என்றதும் பேச்சு விளைச்சலுக்குப் போய்விடுகிறது. எத்தனை கிலோ தக்காளி, எத்தனை நாளில் கீரை, எந்த உரத்துக்கு எவ்வளவு காய் என்றே கணக்குப் பார்க்கிறோம். பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு பெரிதாக உதவாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் அதில் விளைவது ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் சமையலுக்குக்கூடப் போதாது. ஆனால் அதே பத்துத் தொட்டியில் ஓராண்டு முழுவதும் பார்த்தாலும் தீராத அளவுக்கு உயிர்களின் நடமாட்டம் உண்டு. அதைப் பார்க்கப் பழகுவதற்கே இந்த வழிகாட்டி. இதில் உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படையான விதி ஒன்றே: செடியில் எதைக் கண்டாலும், அதில் கை வைப்பதற்கு முன் ஓர் இரவையாவது கடக்க விட வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனி மாதத்தில் தொடங்குவதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஆடியில் விதைப்பதற்கு அது வாகாக இருக்கும் என்பதால்.

முதல் படி: செடி வாங்காமல் ஒரு மாதம்

முதல் நான்கு வாரங்களுக்கு மாடியில் ஒரு செடிகூட இருக்க வேண்டியதில்லை. ஒரு சாக்பீஸ், ஒரு அடிக்கோல், நேரான சுவருள்ள ஒரு டப்பா, ஒரு நோட்டு ஆகியவை போதும். வாரம் ஒருநாள் காலை எட்டு மணிக்கும் நண்பகலிலும் மாலை நான்கு மணிக்கும் கைப்பிடிச் சுவரின் நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவையுங்கள்.

இந்தக் கோடுகள் கற்றுத்தரும் முதல் பாடமே பலரைத் திகைக்க வைக்கும். சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து செல்கிறது என்பது நம் ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் பொருந்துவதில்லை. சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. செங்குத்தாக நட்ட குச்சிக்கு அந்த நாட்களில் நிழல் விழாது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால் நிழல் தெற்கு நோக்கி விழும். மார்கழியிலோ சூரியன் தெற்கே வெகுவாகச் சாய்ந்துவிடும். தென்புறத்து மூன்றடிக் கைப்பிடிச் சுவர் நண்பகலிலேயே இரண்டடிக்கு மேல் உட்பக்கம் நிழல் போடும். இது தெரியாமல், ஆனியில் பளிச்சென்று வெயில் அடித்த தெற்குச் சுவரோரத்தில் என் தக்காளித் தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, மார்கழியில் அவை நெட்டையாக வளர்ந்து பூக்காமல் நின்றபோது உரக்குறைபாடு என்று நினைத்து உரத்தை மேலும் மேலும் கொட்டினேன். குறை உரத்தில் இல்லை, வைத்த இடத்தில் இருந்தது.

டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, மழை பெய்த மறுநாள் காலையில் அடிக்கோலால் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். அந்தக் கணக்கில், ஊரே நனைந்ததுபோலத் தெரியும் பத்து மில்லிமீட்டர் மழையிலும் ஓரடி விட்டமுள்ள தொட்டிக்குள் நேராக விழுவது சுமார் முக்கால் லிட்டர்தான். இலைகள் குடைபோல் விரிந்திருந்தால் அதுவும் குறையும். மழை பெய்ததே என்று தண்ணீர் ஊற்றாமல் விட்ட செடி ஏன் வாடியது என்பதற்கான விடை பல நேரங்களில் இந்த டப்பாவில் இருக்கிறது.

காற்றையும் கவனியுங்கள். ஆடிக் காற்று எந்த மூலையில் சுழல்கிறது என்பதைக் கொடியில் காயும் துணியே காட்டிவிடும். அந்த மூலை புடலைக்கு ஆகாது.

இரண்டாம் படி: மண்ணைப் பாட்டிலில் பார்ப்பது

செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் அல்லது மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம பங்காகக் கலப்பது மாடித்தோட்டக்காரர்கள் பரவலாகக் கையாளும் முறை. நார்க்கழிவை நீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும். கலப்பதற்கு முன், வாங்கிய செம்மண்ணில் ஒரு கைப்பிடியை நீளமான கண்ணாடி பாட்டிலில் போட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். அதற்கு மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி முழுவதும் இறங்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அந்த மூன்று அடுக்குகளின் தடிமனையும் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். களி மிகுந்திருந்தால் நார்க்கழிவைச் சற்றுக் கூட்டுங்கள். தொட்டிகளை மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக வைத்தால் தளத்துக்குப் பாரம் குறையும்.

மூன்றாம் படி: பார்ப்பதற்காகச் செடிகளைத் தேர்ந்தெடுப்பது

கறிவேப்பிலை, எலுமிச்சை, கத்தரி இரண்டு, தக்காளி, புடலை, பரங்கி, அவரை, இட்லிப்பூ என்று ஒன்பது தொட்டிகளை நான் பரிந்துரைப்பேன். பத்தாவது தொட்டியில் மண்ணை மட்டும் நிரப்பி, எதையும் விதைக்காமல் விடுங்கள். வீட்டில் உள்ளவர்கள் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும்.

இந்தப் பட்டியலில் அவரை ஏன் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை மழையைக் கருதிச் சொன்னதாக மட்டுமே பலரும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் நாட்டு அவரைக் கொடி பகலின் நீளத்தைக் கணிக்கிறது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சிறு வேறுபாடு அவரைக்குப் போதும். பகல் குறுகும் காலம் வந்தால்தான் அது மொட்டு விடும். ஆடியில் விதைத்தால் கொடி படர்ந்து தேறும் வேளையும் பகல் குறுகும் வேளையும் ஒன்றுகூடி, கார்த்திகை, மார்கழியில் பூக்கும். மாசியிலோ பங்குனியிலோ விதைத்தால் பந்தல் நிறைய இலை இருக்கும், பூ இருக்காது. இதைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் விதையில் பாதியை எடுத்துவைத்துப் பங்குனியில் விதைக்கலாம். கடையில் கிடைக்கும் செடியவரை எல்லாப் பருவத்திலும் காய்க்குமாறு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதால் இந்தச் சோதனைக்கு நாட்டுக் கொடியவரை விதையே வேண்டும்.

நான்காம் படி: பத்து நிமிடம் உட்காருவது

தண்ணீர் ஊற்றுவது வேறு வேலை, கவனிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் ஊற்றுவது மட்டுமே நடக்கும். ஆகவே தண்ணீர் ஊற்றி முடித்த பிறகோ அதற்கு முன்போ, ஒரே இடத்தில், ஒரே முக்காலியில் பத்து நிமிடம் உட்காருங்கள். கைப்பேசி கீழே வீட்டில் இருக்கட்டும். படம் எடுக்கலாமே என்று தோன்றும். படம் எடுத்தவுடன் பார்த்து முடித்துவிட்டதாக மனம் எண்ணிக்கொள்கிறது என்பது என் அனுபவம். முதல் மூன்று நிமிடங்களில் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். நாம் வந்து உட்கார்ந்த அசைவில் ஒதுங்கிய பூச்சிகள் திரும்பி வருவதற்குச் சற்று நேரம் ஆகும் என்பது ஒரு காரணம், நம் கண் சிறிய அசைவுகளுக்குப் பழக வேண்டியிருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

நோட்டில் தேதி, தமிழ் மாதம், நேரம், வானம், காற்று ஆகியவற்றை ஒரே வரியில் எழுதிவிட்டு, அதன் கீழே கண்டதை எழுதுங்கள். அழகு, அற்புதம், இனிமை போன்ற சொற்களுக்கு அந்த நோட்டில் இடமில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது பெரிய உதவி. 'பட்டாம்பூச்சிகள் நிறைய வந்தன' என்பதைவிட, 'இட்லிப்பூவில் கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று, ஏழு பூக்களில் உறிஞ்சியது, இறக்கை அசைவதை நிறுத்தவே இல்லை' என்பது மறு ஆண்டு உதவும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அளவையும் எழுதுங்கள். பெயர் தானாகப் பின்னால் வந்து சேரும். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் விடை தெரியாத கேள்வி ஒன்றையாவது எழுதுங்கள்.

வாடலையும் இப்படியே எழுதுங்கள். நண்பகலில் பரங்கி இலை தொங்கினால் உடனே குடத்தைத் தூக்க வேண்டாம். இலை இழக்கும் நீருக்கு வேர் ஈடுகொடுக்க முடியாத வெயிலில், மண் ஈரமாக இருக்கும்போதே அது தொங்கும், மாலையில் நிமிர்ந்துவிடும். விடிகாலையிலும் தொங்கிக்கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள்: காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள்; சேறாக இருந்தால் வேர் அழுகுகிறது, தண்ணீரை நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: கையைக் கட்டிக்கொள்வது

இந்த வழிகாட்டியில் கடினமான படி இதுதான். கறிவேப்பிலையின் கொழுந்தில் பறவை எச்சம்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். சற்று உற்றுப் பார்த்தால் அது நகரும். கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி என்னும் பட்டாம்பூச்சியின் இளம் புழு அது. எச்சம்போல் தோன்றுவதால் பறவைகள் அதைச் சீண்டுவதில்லை. சில முறை தோல் உரித்த பிறகு பச்சையாகிவிடும். அந்த நிலையில் ஒரு ஈர்க்குச்சியால் மெதுவாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டை ஒன்றை வெளியே நீட்டிக் காரமான வாடையைப் பரப்பும். கூட்டுப்புழு பச்சைச் சூழலில் பச்சையாகவும் காய்ந்த தண்டில் பழுப்பாகவும் அமைவதைப் பார்க்கலாம். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை மூன்று, நான்கு வாரங்களில் முடிந்துவிடும். இடுப்பளவு வளர்ந்த கறிவேப்பிலை மூன்று நான்கு புழுக்களைத் தாங்கித் திரும்பத் துளிர்க்கும். முழங்கால் உயரமே உள்ள கன்றானால் தாங்காது. கூடுதலானவற்றை எலுமிச்சைக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொரு காட்சி அவரைக் கொழுந்தில். சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி அப்பியிருக்கும், எறும்புகள் ஏறி இறங்கும். எறும்பு அசுவினியைத் தின்ன வரவில்லை. அது சுரக்கும் இனிப்பு நீருக்காக அதைக் காவல் காக்கிறது. அசுவினி பெருகிய சில நாட்களில், சின்னஞ்சிறு முதலைபோல, கருஞ்சாம்பல் உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஒரு புழு வந்து சேரும். முதல் ஆண்டில் நான் அதைத்தான் எதிரி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். அது பொறிவண்டின் இளம்பருவம். அசுவினியைத் தின்பதற்காகவே வந்தது. அடுத்த வாரம் அசுவினி இரண்டு பங்காகியது.

செம்பருத்தியிலும் பப்பாளியிலும் வரும் மாவுப்பூச்சியில் இந்த ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, தானே ஒரு பெரிய மாவுப்பூச்சிபோல வெள்ளை மெழுகிழைகளைப் போர்த்திக்கொண்டிருக்கும். அந்த வண்டு 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டது. அசையாமல் கும்பலாக இருப்பவை மாவுப்பூச்சி; அளவில் பெரிதாக, இழைகள் நீண்டு, விறுவிறுவென்று நடப்பது வண்டின் புழு. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டறியப் பத்து நிமிடம் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

பொறுமைக்கு நம் மாநிலத்திலேயே பெரிய சான்று உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது, மருந்து தெளித்தவர்களால் அதை அடக்க முடியவில்லை. அதன் மெழுகுப் பூச்சு மருந்தை எளிதில் உள்ளே விடாது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. மருந்து தெளித்த இடத்தில் அந்தக் குளவியும் பிழைக்காது.

ரோஜா வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இலை ஓரத்தில் காம்பஸ் வைத்து வெட்டியதுபோல அரைவட்டங்கள் தெரிந்தால் அது நோயன்று. இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுகளின் அறைகளுக்குச் சுவர் கட்ட வெட்டிச் சென்றிருக்கிறது. செடிக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை.

ஓர் இரவு பொறுக்கக் கூடாதவை மூன்று. கத்தரியின் நுனித்தண்டு மட்டும் திடீரெனத் துவண்டு தொங்கினால் உள்ளே தண்டு துளைப்பான் புழு இருக்கிறது. அந்த நுனியை அன்றே கிள்ளி அழித்துவிட வேண்டும், இல்லையெனில் அடுத்து காய்க்குள் போகும். முருங்கை அருகே இருந்தால் கம்பளிப்பூச்சிக் கூட்டத்தைக் குழந்தைகள் தொடும் இடத்தில் விட்டுவைக்கக் கூடாது. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தெளிந்த நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும் என்பதால், தட்டுகளை வாரம் இருமுறை கவிழ்த்துத் தேய்க்க வேண்டும்.

ஆறாம் படி: பூக்களின் நேரத்துக்கு நாம் போவது

கத்தரிப் பூ உதிர்கிறது என்று கவலைப்படுவதற்கு முன் பூவுக்குள் பாருங்கள். நடுவில் உள்ள சூல்தண்டு மஞ்சள் மகரந்தப் பைகளைத் தாண்டி நீண்டிருந்தால் அந்தப் பூ காயாகும். பைகளுக்குள்ளேயே குட்டையாக ஒடுங்கியிருந்தால் பெரும்பாலும் உதிரும். குட்டைப் பூக்கள் உதிர்வது செடியின் வழக்கம். அந்த மகரந்தப் பைகளின் நுனியில் சிறு துளைகள் மட்டுமே உள்ளன. உப்புக் குலுக்கிபோல ஆட்டினால்தான் பொடி விழும். மர வண்டு போலக் கருத்துப் பெருத்த தச்சுத்தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. அந்த 'ர்ர்' என்ற ஒலி, பறக்கும்போது எழும் ஒலியைவிடக் கூர்மையானது. காலை நேரத்தில் காதைக் கொடுத்தால் தனித்துக் கேட்கும். மாடிக்கு இத்தேனீக்கள் வராவிட்டால் தக்காளிப் பூங்கொத்தை விரலால் சுண்டிவிடுவதும் உதவும்.

பரங்கி விடியும் முன்பே விரிந்து முற்பகலில் கூம்பிவிடும். முதல் சில நாட்கள் ஆண்பூக்களே வரும். அடியில் குட்டிக் காயோடு வருவது பெண்பூ. தேனீ வராத மாடியில், காலை எட்டு மணிக்குள் ஓர் ஆண்பூவின் இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள்.

புடலையோ அந்தி சாய்ந்த பிறகே விரியும். ஓரமெல்லாம் நூலிழைபோல் பிரிந்த வெள்ளைப் பூ அது. இருட்டில் அந்துப்பூச்சியின் கண்ணுக்கு எளிதில் எட்டும் நிறம் அது. காலையில் மட்டும் மாடி ஏறுபவர் புடலை முழுதாக மலர்ந்திருப்பதை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். ஆகவே வாரம் ஒருநாளாவது பத்து நிமிட அமர்வை அந்திக்கு மாற்றுங்கள். பூ விரிவதைக் கொண்டு பொழுதை அறிவது நமக்குப் புதிதன்று: மழை மூடிப் பொழுது தெரியாத கூதிர் காலத்தில், பூத்தட்டில் இட்ட பித்திக அரும்புகள் விரிந்து மணப்பதைக் கொண்டு மாலை வந்ததை உணர்ந்து பெண்கள் விளக்கேற்றியதை நெடுநல்வாடை சொல்கிறது. தெருவில் புளியமரமோ தூங்குமூஞ்சியோ இருந்தால் அதே நேரத்தில் அதன் இலைகள் மடிவதையும் பார்த்துவிடலாம்.

ஏழாம் படி: ஆறு பொழுதாகப் புரட்டுவது

நோட்டை ஜனவரி முதல் டிசம்பர் வரை பிரிப்பதைவிட, ஆவணி புரட்டாசியைக் கார் என்று தொடங்கி, கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாகப் பிரித்தால் ஒப்பிட எளிது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பதால் கூதிர் பக்கங்களே தடித்திருக்கும். மே மாதக் கத்திரி வெயிலில் பாதி நிழல் தரும் பச்சை வலையைக் கட்டிவிட்டு, செடிகளிடம் எதையும் எதிர்பார்க்காமல் இருங்கள். அந்த நாட்களில் தொட்டிகளைவிட, மாடியிலிருந்து தெரியும் ஒரு மரத்தை வாரம் ஒருமுறை பார்த்துத் துளிர், பூ, காய் என்று குறித்துவருவது சுவையானது. சரக்கொன்றையாக இருந்தால் பாக்கியம்.

எட்டாம் படி: வெறுந்தொட்டியும் விதையும்

பத்தாவது தொட்டிக்கு வருவோம். முதல் மழைக்குப் பிறகு அதில் தானாக முளைப்பவற்றைப் பிடுங்காமல், ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து வரைந்துகொள்ளுங்கள். கீழாநெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை, பருப்புக்கீரை, அருகம்புல் என்று வரிசையாக வரக்கூடும். சில வாங்கிய மண்ணோடு வந்தவை, சில தொழுவுரத்தோடு வந்தவை, சில காற்றிலும் பறவை எச்சத்திலும் வந்தவை; எது எப்படி வந்திருக்கும் என்று ஊகித்து எழுதுவதே ஒரு நல்ல பயிற்சி. குப்பைமேனி வந்தால் பூனைக்கு எட்டாமல் வைத்துப் பயனில்லை, எட்டும்படியே வையுங்கள். அதன் வேர் வெளியே தெரிந்தால் பூனை மோப்பம் பிடித்துப் புரளும். பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயர் வைத்தவர் யாரோ, உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

தையிலும் மாசியிலும் அவரையில் நன்றாகக் காய்த்த கொடியின் இடைப்பகுதியிலிருந்து நான்கு காய்களைப் பறிக்காமல் விட்டு, கொடியிலேயே காயவைத்து, விதைகளை எடுத்து, காகிதப் பையில் தேதியோடு எந்தத் தொட்டி என்பதையும் எழுதிவையுங்கள். கத்தரியில் விதை எடுக்க வேண்டுமானால் காய் மஞ்சளாகப் பழுக்கும்வரை செடியிலேயே விட வேண்டும்.

அடுத்த ஆனி வந்ததும் சாக்பீஸை மீண்டும் எடுங்கள். சென்ற ஆண்டின் கோடுகள் மழையில் அழிந்திருக்கும், நோட்டில் இருக்கும். அதே தேதியின் பக்கத்தைத் திறந்து, அன்று எழுதிய கேள்விகளில் எதற்கெல்லாம் இப்போது விடை தெரிகிறதோ அதை வேறு நிற மையில் பக்கத்திலேயே எழுதுங்கள். பிறகு வெறுந்தொட்டியின் மண்ணை மேலோட்டமாகக் கிளறிவிட்டு, அதையே திரும்பவும் வெறுமையாக வையுங்கள்.